ஜிப்புக்கு நாற்பது, பைக்குப் பத்து

தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்லூரி இரண்டாம் வருடத்திலிருந்து யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் ‘சுதந்திரம்’.

அந்த வருடம் கல்லூரி நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து, சாப்பாட்டு நேரத்தில்கூடக் கீழே வைக்காமல் படித்தான். தனி மனிதனின் உரிமை, உடைமை, தடையில்லாத வியாபாரம் என்று எல்லாம் அதில் இருந்தது. அடுத்தவர் உடைமையைத் தொடக்கூடாது என்று அத்தனை அழுத்தமாகச் சொன்ன அந்தப் புத்தகத்தை அவன் நூலகத்துக்குத் திருப்பித் தரவே இல்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து ஆரம்பித்தது. தலைக்கவசம் போடாததற்குப் பிடித்த போக்குவரத்துக் காவலரிடம், “தலை என்னோடது சார், உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று முக்கால் மணி நேரம் வாதாடினான். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், “நாங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாச்சு, நடுவுல கையெழுத்துப் போட இவர் யாரு?” என்று கேட்டான். பெண்ணின் அப்பா அப்போதே பெண்ணைக் கையோடு அழைத்துப் போயிருப்பார். அக்காதான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சமாதானப்படுத்தினாள்.

அக்கா அவனுக்கு ஆறு வயது மூத்தவள். பள்ளிப்பை தைக்கும் பட்டறை நடத்துகிறாள். அங்கே தைக்கிற ஏழு பெண்கள், கட்டிங் மாஸ்டர், துணி ரோல் கொண்டுவந்து இறக்குகிற வண்டிக்காரர் எல்லாருக்குமே அவள் அக்காதான் என்பதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்துவிடுவான். கை கழுவும் முன்பே பேச்சு தொடங்கிவிடும். “அரசாங்கத்துக்கு ரெண்டே வேலைதான் அக்கா. திருடனைப் பிடிக்கணும், எல்லையைக் காக்கணும். மத்த எல்லாத்துலயிருந்தும் கையை எடுத்துடணும். வாங்கறவன் இஷ்டம், விக்கறவன் இஷ்டம், நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?” அக்கா பரிமாறிக்கொண்டே ஒரு காதில் வாங்குவாள். ஆனால் இருபது வருடம் ஒரே பேச்சு ஒரு காதில் விழுந்தால் கொஞ்சமாவது உள்ளே தங்காதா? தங்கிவிட்டது. தெருவில் யாராவது, “இதுக்கெல்லாம் அரசாங்கம் ஒரு சட்டம் போடணும்” என்றால், “ஏன் போடணும்?” என்று அவளே கேட்க ஆரம்பித்திருந்தாள். அவள் கணவர், ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், இதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

தம்பிக்குத் தொழில் ஜிப்பு. நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிற தொழிற்சாலை. அக்காவுக்குத் தொழில் பை. பைக்கு ஜிப்பு வேண்டும். ஆனால் எட்டு வருடமாக அக்கா தம்பியிடம் ஜிப்பு வாங்குவதில்லை. காரணம், அவன் ஜிப்பில் ஓடுகிற ரன்னர் சில வாரத்திலேயே தளர்ந்துவிடும்; இழுத்து மூடினால் முன்னால் மூடிக்கொண்டே போகும், பின்னால் வாயைப் பிளந்துகொண்டே வரும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவித்துவிட்டுக் கடைசியில் சொன்னபோது, தம்பி கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

“தாராளமா வெளிநாட்டு ஜிப்பு வாங்கிக்கோக்கா. அதுதான் சந்தை. நான் நல்லா செஞ்சா நீயே திரும்பி வருவே. தம்பிங்கறதுக்காக வாங்கினா அது எனக்கு அவமானம்.”

 பேச்சு மட்டுமில்லை, பிள்ளை நிஜமாகவே அப்படித்தான் என்று அன்றைக்கு அக்காவுக்குப் பெருமையாக இருந்தது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. இறக்குமதி ஏஜென்ட் போனில் அழைத்தார். “ஜிப்புக்கு வரி ஏத்திட்டாங்க அக்கா. அஞ்சு சதவீதம் இருந்தது இப்போ நாப்பது. துறைமுகத்துல நிக்கிற உங்க சரக்குக்கும் சேர்த்துத்தான்.”

“எதுக்காம்?”

“உள்நாட்டு ஜிப்பு உற்பத்தியாளர்கள் மனு கொடுத்தாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான் பாருங்க.”

பேப்பரில் போட்டிருந்தான். உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் கோரிக்கை மனுவைக் கொடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் போட்டிருந்த நீலச் சட்டை, போன பிறந்த நாளுக்கு அக்கா எடுத்துக் கொடுத்தது.

பட்டறையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறித் தொழிற்சாலைக்குப் போனாள். உள்ளே வரிசையாக இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. பல் பதித்த நாடா முடிவே இல்லாமல் இறங்கித் தகர டப்பாக்களில் சுருண்டுகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, “வாக்கா, டீ சொல்லட்டுமா?” என்றான்.

“டீ இருக்கட்டும். இது நீதானா?” பேப்பரை மேஜையில் போட்டாள்.

“நான்தான். நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்.”

“கையை எடு, கையை எடுன்னு இருபது வருஷம் என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே கத்தினே. இப்போ நீயே போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து என் பட்டறைக்குள்ள விட்டிருக்கியேடா!”

“அக்கா, நிதானமா கேளு. இது வேற. அந்த நாட்டு அரசாங்கம் அவனுங்களுக்குக் கரண்டை இலவசமா தருது. நிலத்தைச் சும்மா தருது. அவன் ஜிப்பு மலிவா இருக்கறது அவன் திறமையால இல்ல. அது சுதந்திரமான சந்தையே கிடையாது. அவன் கம்போட வந்து நிக்கறான், நான் மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா? ஆட்டத்தைச் சமம் பண்ணச் சொல்லிக் கேட்டேன், அவ்வளவுதான்.”

“அவன் கம்பு வச்சிருந்தா அவனைப் போய் அடிடா. என் மண்டையில ஏன் போடறே? வரியை யாரு கட்டறா? அவனா?”

“நுணுக்கமாப் பார்த்தா, அவனும்...”

“நுணுக்கம் எல்லாம் வேண்டாம். துறைமுகத்துல நிக்கிற என் சரக்குக்கு அவனா வந்து காசு கட்டப் போறான்? அந்த நாட்டு ஜனங்க தங்களோட வரிப்பணத்துல எனக்கு ஜிப்பு மலிவா கொடுக்கறாங்க. ஏமாந்தவங்க அவங்க. நீ ஏன்டா இங்க உட்கார்ந்து அழறே?”

 தம்பி குரலைத் தாழ்த்தி, “கொள்கைன்னா அதுக்கு விதிவிலக்கு இல்லாம இருக்குமா அக்கா?” என்றான்.

“இருக்கும். ஆனா விதிவிலக்கு சரியா உன் தொழிற்சாலை வாசல்ல வந்து நிக்குது பாரு, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் வீடு வரைக்கும் வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தாள்.

நாற்பது கட்டித் துறைமுகச் சரக்கை எடுக்கக் கட்டுப்படியாகவில்லை; வேறு வழியில்லை. ஒரு பள்ளிக்கு முந்நூறு பை தர ஒப்புக்கொண்டிருந்தாள். தம்பியின் ஜிப்பையே வாங்கித் தைத்தாள். வரிக்கு முன்னால் அவள் கொடுத்துவந்த விலையைவிட அதுவும் கூடத்தான். போட்டி போனதும் தம்பியின் சங்கத்தில் எல்லாருமே விலையைக் கொஞ்சம் மேலே நகர்த்திக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் பதினேழு பை திரும்பி வந்தது. ஐந்தாவது வாரத்தில் மொத்தம் நாற்பது ஆகிவிட்டது. தலைமையாசிரியை போனில் பொரிந்து தள்ளிவிட்டார். “என்னம்மா பை இது? பசங்க புத்தகத்தை ரோட்டுல சிந்திக்கிட்டே வருதுங்க. ஒருத்தன் மதியச் சாப்பாட்டு டப்பாவையே தொலைச்சுட்டு வந்து அழறான்.”

அக்கா வாய் வலிக்க மன்னிப்புக் கேட்டாள். நாற்பது பையிலும் ஜிப்பைப் பிரித்து மாற்றிக்கொடுக்க வேண்டும். எதைக்கொண்டு மாற்றுவது? அதே தம்பி ஜிப்பையா?

அந்த எரிச்சலோடு கடைத்தெருவில் நடந்தபோதுதான் அதைப் பார்த்தாள். கோட்டு, சட்டை மாட்டி வைக்கிற துணி உறை. கைபட்டாலே கிழிகிற மெல்லிய துணி. ஆனால் நட்டநடுவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஜிப்பு. அவள் எட்டு வருடமாக வாங்கிக்கொண்டிருந்த அதே வெளிநாட்டு ஜிப்பு, அதே ரன்னர். கடைக்காரரிடம் விலை கேட்டாள். திரும்பவும் கேட்டாள். பிறகு நடைபாதையிலேயே நின்று ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

“உறையும் இறக்குமதிதானே? அதுக்கு எவ்வளவு வரி?”

“உறை, பை எல்லாம் ஒரே இனம் அக்கா. பத்து சதவீதம்.”

“அதுல இருக்கிற ஜிப்புக்கு?”

“அது உறையோட சேர்த்தி. தனியா வந்தாத்தான் நாப்பது. தைச்சு வந்தா பத்து.”

ஆக, ஒரு மீட்டர் ஜிப்பை வரி கட்டி வாங்குவதைவிட, அதே ஜிப்பைத் துணியோடு, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி வாங்குவது மலிவு. அக்கா நானூறு உறைக்குச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் பட்டறையில் தையல் மெஷின்கள் ஓயவில்லை என்றாலும், பாதிப் பேர் கையில் பிரிக்கிற கத்தி இருந்தது. நன்றாகத் தைத்து வந்த உறையை எடுப்பார்கள், தையலை அறுப்பார்கள், ஜிப்பை உருவுவார்கள், உறையைக் குப்பையில் போடுவார்கள். ஒரு மீட்டரில் முக்கால் பைக்கு, மீதி முன்பாக்கெட்டுக்கு. குப்பை மூட்டை கூரையைத் தொட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து வண்டியை மூட, அரிசியை மூட என்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

தையல்காரிகளில் ‘கண்ணாடி’ என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருத்தி உண்டு. மூக்கு நுனியில் நிற்கிற தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் உலகத்தைப் பார்ப்பாள். அவள் பிரித்துக்கொண்டே கேட்டாள். “அக்கா, ஏதோ ஒரு நாட்டுல எவளோ ஒருத்தி முதுகு வலிக்க இதைத் தைச்சு அனுப்பியிருக்கா. நான் இங்க உட்கார்ந்து முதுகு வலிக்கப் பிரிக்கறேன். ரெண்டு பேருக்கும் சம்பளம். இதுல யாருக்கு லாபம்?”

“தெரியலடி. தெரிஞ்சவங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பை தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வந்தார். குனிந்து, குப்பை மூட்டையைத் தாண்டி, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். வரி ஆலோசனைக் குழு கருத்துக் கேட்கப் போகிறது. ஜிப்பு வரியையும் பை வரியையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் அக்காதான் பேச வேண்டும் என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். மனுவை வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் ஜிப்பு வரியை எடுக்கச் சொல்லி, நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.

“அண்ணே, இதுல வெளிநாட்டுப் பைக்கும் நாப்பது போடணும்னு எழுதியிருக்கே?”

“பின்னே? அந்தப் பை பத்துலதானே உள்ள வருது. நம்ம வயித்துல அடிக்குதும்மா. அந்த நாட்டு அரசாங்கம் அவனுக்குக் கரண்டை இலவசமா தருது, நிலத்தைச் சும்மா தருது. ஆட்டம் சமமா இருக்க வேண்டாமா?”

இதை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று உடனே ஞாபகம் வந்ததும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “யோசிச்சுக் கையெழுத்துப் போடறேன் அண்ணே” என்று மனுவைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

யோசித்தபோது ஆசை வராமல் இல்லை. நாற்பது போட்டால் கடைத்தெருவில் தொங்குகிற வெளிநாட்டுப் பைகள் விலை ஏறும். அவள் பை அதற்குப் பக்கத்தில் அவ்வளவு கூடுதலாகத் தெரியாது. இன்னும் நான்கு மெஷின் போடலாம். இரண்டு நாள் மனுவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது, கண்ணாடியின் மகள் பள்ளிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தாள். அம்மாவிடம் வீட்டுச் சாவி வாங்க வந்தவள். அவள் தோளில் ஊதா நிறத்தில் ஒரு வெளிநாட்டுப் பை.

அக்கா பார்ப்பதைக் கண்ணாடி பார்த்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. நம்ம பைதான் உறுதி, அது எனக்குத் தெரியாதா? நான்தானே தைக்கறேன். ஆனா நம்ம பை விலைக்கு அது ரெண்டு வரும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

 “நான் ஏன்டி கோவிச்சுக்கறேன்?” என்றாள் அக்கா. பெண் சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மனு மேஜையில் கிடந்தது. யார் தோளிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்பது இப்போது நிறத்தோடு தெரிந்தது.

வீட்டில் கணவரிடம் மனுவைக் காட்டினாள். அவர் விடைத்தாள் திருத்துகிற மாதிரி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, “முதல் பக்கமும் ரெண்டாம் பக்கமும் ஒரே ஆள்தான் எழுதினாரா?” என்று கேட்டார்.

“ஏன்?”

“ஒண்ணு சரின்னா இன்னொண்ணு தப்பு. ரெண்டுக்கும் மார்க் போட முடியாது.”

“அதை நானே கண்டுபிடிச்சாச்சு. நீங்க சாப்பிடுங்க” என்று எரிந்து விழுந்தாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஓர் அரசு அலுவலகத்தின் நான்காவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. மேலே ஏறி மூச்சு வாங்க நின்றவளிடம் எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், தொழில், பொருள் எல்லாம் எழுதிய பிறகு ஒரு கட்டம்: ‘கோரப்படும் பாதுகாப்பு விகிதம்’. அதாவது, வெளிநாட்டுச் சரக்குக்கு எத்தனை சதவீதம் வரி வேண்டும் என்று.

அக்கா பூஜ்யம் என்று எழுதினாள்.

எழுத்தர் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பினார். “பூஜ்யம் எழுதக்கூடாது மேடம். ஒண்ணுலயிருந்து நூறு வரைக்கும் எதாவது எழுதுங்க.”

“எனக்குப் பாதுகாப்பே வேண்டாங்க.”

“வேண்டாம்னா வெறுமையா விட்டுடுங்க.”

“விட்டா?”

“ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்குவோம்.”

“எதுக்கு ஆட்சேபணை இல்ல?”

“குழு எது முடிவு பண்ணினாலும்.”

அக்கா எழுத்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் கட்டத்தைத் தாண்டி, படிவத்தின் ஓரத்தில், ‘எதுவும் வேண்டாம், ஆட்சேபணை உண்டு’ என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் அதை மட்டும் தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

உள்ளே தம்பி பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதுமே பேச்சு வரும். நாற்பத்திரண்டு குடும்பம், தேசத்தின் உற்பத்தி, நியாயமான போட்டி என்று அடுக்கினான். குழுத் தலைவி, நரைத்த தலையை இறுக்கி முடிந்த அதிகாரி, குறிப்பு எடுத்துக்கொண்டார். அடுத்து அக்காவை அழைத்தார்கள்.

அக்கா மனுவின் முதல் பக்கத்தைப் படித்தாள். பிரித்து எடுத்த ஒரு ஜிப்பையும் கிழிந்த உறையையும் மேஜையில் வைத்துக் கதையைச் சொன்னாள். குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார். பிறகு அக்கா இரண்டாம் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பைக்கு வரி ஏத்தணும்னு உங்க சங்கம் கேட்டிருக்கே?” என்றார் தலைவி.

“நான் கேக்கலைங்க.”

பின் வரிசையில் சங்கத் தலைவர், “ஏம்மா!” என்று பாதி எழுந்துவிட்டார்.

“ஏன்? உங்களுக்கு அது லாபம்தானே?”

“லாபம்தாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா என் பட்டறையில தைக்கறவளே என் பையை வாங்க முடியாம வெளிநாட்டுப் பை வாங்கறா. அதோட விலையை ஏத்தி எனக்குக் கொடுங்கன்னு எந்த வாயால கேப்பேன்? ஜிப்பு விஷயத்துல எனக்குச் செஞ்சது அநியாயம்னா அவளுக்கு நான் செய்யறதும் அநியாயம்தானே. வாங்கறவன் இஷ்டம், விக்கறவன் இஷ்டம். நடுவுல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?”

“நல்லா சொன்னீங்க. யார் சொன்னது இது?”

“இப்போ பேசிட்டு உட்கார்ந்தாரே, அவர்தான். இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கார். என் தம்பி.”

அறையே திரும்பித் தம்பியைப் பார்த்தது. அவன் மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ உங்களுக்கு என்னதான் வேணும்?” என்றார் தலைவி, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

“ஒண்ணும் வேண்டாங்க. கையை எடுத்தாப் போதும்.”

தலைவி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தார். எதை எழுதுவது என்று தெரியாமல் மூடிவைத்தார்.

நான்கு மாடியும் இறங்கி வாசல் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். சங்கத் தலைவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். சற்றுப் பொறுத்துத் தம்பி வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். எதிரே இருந்த கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்திருந்தான். இந்த முறை வாங்கிக்கொண்டாள்.

“மானத்தை வாங்கிட்டேக்கா.”

“உன் வார்த்தையைத்தானே சொன்னேன்.”

“தெரியும். அதான்.” டீயை ஆற்றினான். ஆற்றி முடித்தும் குடிக்கவில்லை. “கொள்கை எனக்கு இல்லாம போகலக்கா. ஆனா நாப்பத்திரண்டு பேரும் இருக்காங்க. போன வருஷம் ரெண்டு மாசம் சம்பளத்தைத் தள்ளித்தான் கொடுத்தேன். உனக்குச் சொல்லல. இன்னும் ஆறு மாசம் அப்படியே போயிருந்தா மூடியிருப்பேன். பயந்துட்டேன். போதுமா?”

அவன் பயந்ததாகச் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. சின்ன வயதில் பல் பிடுங்கும்போதுகூட, “பல் என்னோடது” என்று வம்பு பண்ணினானே தவிர, பயம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் இறங்கியது. ஆனால் எரிச்சல் இறங்கவில்லை.

“இதை ஏன்டா என்கிட்ட வந்து சொல்லல? பயமா இருக்குக்கா, கொஞ்சம் வாங்கிக்கோன்னு சொல்லியிருந்தா, பத்து சதவீதம் கூடக் கொடுத்தே வாங்கியிருப்பேனே. அந்த ரன்னரை மட்டும் சரி பண்ணுன்னு சொல்லியிருப்பேன். நானா என் இஷ்டத்துக்குக் கொடுக்கறது வேற. ஆளை வச்சு என் பையில கைவிட்டு எடுக்கறது வேற. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நீதானேடா! எடுத்ததுக்கு மேல அதுக்கு நியாயம்னு ஒரு பேர் வேற.”

தம்பி டீயைக் குடித்து முடித்துவிட்டு, “ரன்னர்ல என்ன கோளாறுன்னு நினைக்கிறே?” என்று கேட்டான். எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான்.

அடுத்த மாதத்தில் மூன்று முறை மாதிரி ஜிப்பு கொண்டுவந்தான். அக்காவும் மாஸ்டரும் அவன் கண்ணெதிரேயே திறந்து மூடி எண்ணினார்கள். முதல் மாதிரி இருநூறுக்கு வாயைப் பிளந்தது. இரண்டாவது எண்ணூறு தாங்கியது. மூன்றாவதைக் கண்ணாடி கை ஓயும் வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, “இது நிக்கும் அக்கா” என்று தீர்ப்புச் சொன்னாள். தம்பி சிரித்த சிரிப்பைப் பார்க்க அக்காவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த முறை நிஜமாகவே விருப்பப்பட்டு ஆர்டர் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

அதே வாரம் குழுவின் முடிவு வந்தது. எல்லாத் தரப்பையும் கேட்டு, எல்லாருக்கும் நியாயமாக: ஜிப்புக்கு நாற்பதிலிருந்து இருபத்தைந்து, பைக்கும் உறைக்கும் பத்திலிருந்து இருபத்தைந்து. சங்கத் தலைவர் கோபத்தையெல்லாம் மறந்து இனிப்போடு வந்தார். “நீ வேண்டாம்னாலும் கிடைச்சிடுச்சு பார்த்தியா!” என்றார். அக்கா இனிப்பை வாங்கி மேஜையில் வைத்தாள். இரண்டுக்கும் வரி ஒன்றாகிவிட்டதால் உறை பிரிக்கிற வேலை அன்றோடு நின்றது. கண்ணாடி தையல் மெஷினுக்குத் திரும்பினாள். சின்னவனுக்கு அடுத்த வருடம் பை வாங்க வேண்டும் என்பதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அக்கா பரிமாறாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“உன் ஜிப்பு இப்போ நல்லா இருக்கு. வரி இல்லாமலே விக்கும். நீயும் நானும் சேர்ந்து ஒரு மனு போடலாம். ஜிப்பு வரி வேண்டாம், பை வரியும் வேண்டாம். ரெண்டு பேருமே வேண்டாம்னா அவங்க யாருக்காக வச்சிருப்பாங்க?”

தம்பி தட்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள்.

“செய்யலாம்க்கா. கண்டிப்பா செய்யலாம். கொள்கை அளவுல எனக்குச் சம்மதம்தான். ஒரு வருஷம் போகட்டுமே. கொஞ்சம் நிமிர்ந்துக்கறேன்.”

அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். “எப்பவுமே உங்களுக்கெல்லாம் ஒரு வருஷம்தான்டா!” என்று கத்தினாள். கணக்கு வாத்தியார் திடுக்கிட்டுச் சோற்றைக் கீழே சிந்திவிட்டார்.

“இல்ல, சொல்லு,” என்றாள் அக்கா. “நான் இப்போ உன்கிட்ட வாங்கினா, உன் ஜிப்பு நல்லா இருக்குன்னு வாங்கறேனா, வேற வழியில்லாம வாங்கறேனா? எனக்கே தெரியல. உனக்காவது தெரியுமா? நல்ல ஜிப்பு பண்ணியிருக்கே. ஆனா அக்கா இதை விரும்பித்தான் வாங்கினான்னு நீ எப்படிடா நம்புவே? அதையும் கெடுத்து வச்சிருக்கீங்க.”

 தம்பியின் முகம் வாடியதை அவள் பார்த்தாள். ஆனாலும் தேற்றவில்லை. எழுந்துபோய்க் குழம்பைக் கொண்டுவந்து அவன் தட்டில் ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை தம்பிக்குப் பாதி ஆர்டர் கொடுத்தாள். மீதிப் பாதியை ஏஜென்டிடம் சொன்னாள், இருபத்தைந்து சதவீதம் கட்டி. ஏஜென்டே, “எதுக்கு அக்கா? தம்பியோடதே இப்போ நல்லா இருக்குன்னு சொல்றாங்களே, நஷ்டம்தானே?” என்றார்.

“தெரியும். நஷ்டம்தான். வேற வழி இருந்தும்தான் பாதியை அவன்கிட்ட வாங்கறேன்னு அவனுக்குத் தெரியணும். அனுப்புங்க” என்றாள் அக்கா. பிறகு எழுத்தருக்குப் போன் போட்டு, அந்தப் படிவம் இன்னொன்று வேண்டும், இந்த முறை பூஜ்யம் எழுத ஒரு கட்டம் போட்டுத் தருவீர்களா என்று கேட்டாள். அவர் அதற்குத் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றார்.

“மனுவை எங்கே கொடுக்கணும்?”

“நாலாவது மாடிதான் மேடம்.”

“லிஃப்ட் ஓடுதா?”

“இல்ல மேடம்.”

அக்கா நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, மாஸ்டர் வெட்டி அடுக்கிய துணியை எண்ணாமலே எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.